ஐந்துக்கு ஐந்து

காலை ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. அவன் எழுந்து அதை நிறுத்தினான். பல் தேய்த்தான். பால் பொங்கி வழிந்தது, அடுப்பைத் துடைத்தான். காபியை நின்றபடியே குடித்தான். ஒரு சட்டையை இஸ்திரி போட்டான். மரப்பெட்டியைத் திறந்து, உள்ளே வரிசையாக இருந்த எடைக்கற்களை மெல்லிய துணியால் துடைத்து, திரும்ப அந்தந்தக் குழியில் வைத்து மூடினான். கடைத் தராசுகள் சரியாக நிறுக்கின்றனவா என்று பார்த்து முத்திரை வைப்பது அவன் உத்தியோகம். பிறகு அவளுடைய செல்போனைச் சார்ஜரிலிருந்து கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவன் மனைவி இறந்து எழுபத்தோரு நாள் ஆகியிருந்தது. போனை உயிரோடு வைத்திருப்பதற்கு மனசு சம்பந்தப்பட்ட காரணம் எதுவும் கிடையாது. கார் கம்பெனி அந்த எண்ணுக்குத்தான் தகவல் அனுப்பும். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அவளே அதிலிருந்து கூப்பிட்டு அவள் குரலில் சொல்ல வேண்டும் என்பது விதி.

ஏழு மணிக்குப் போன் சிணுங்கியது.

‘அன்பு வாடிக்கையாளரே! உங்கள் புகார் மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்பட்டது. அழைப்பின் முடிவில் நீங்கள் சொன்னது: எல்லாம் சரியாக இருக்கிறது, மிக்க மகிழ்ச்சி, நன்றி. நீங்கள் அளித்த மதிப்பெண்: ஐந்துக்கு ஐந்து. உங்கள் புன்னகையே எங்கள் எரிபொருள்.’

அவன் அதை இரண்டு முறை படித்தான்.

அது ஹைப்ரிட் கார். பெட்ரோல் எஞ்சின் ஒன்று, பேட்டரி மோட்டார் ஒன்று. ஒன்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே மற்றது வாங்கிக்கொள்ளும். ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது என்று விளம்பரத்தில் சொல்வார்கள். எழுபத்தோரு நாளுக்கு முன், மேம்பாலத்தின் ஏற்றத்தில், ஒன்று விட்டது, மற்றது வாங்கவில்லை. கார் நின்றது. அவள் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். மூன்று நிமிடம் நாற்பது விநாடி பேசினாள். பாலத்தின் வளைவைத் தாண்டி வந்த டைல்ஸ் லாரிக்காரர் பிரேக்கை மிதித்தது உண்மைதான் என்று போலீஸ் எழுதியிருந்தது. டைல்ஸ் கனமான சரக்கு.

கம்பெனியும் விபத்து அறிக்கைக்கு ஒரு கடிதம் கொடுத்திருந்தது. நசுங்கிய காரை அவர்கள் சோதித்திருந்தார்கள். ‘இந்த வண்டி ஓடாத நிலையில் இருப்பதால், ஓடும்போது நிற்குமா என்று சோதிக்க இயலவில்லை. வாடிக்கையாளர் கடைசியாகத் தெரிவித்த மகிழ்ச்சியை வைத்துப் பார்க்கையில், அவர் தாமாகவே வண்டியை நிறுத்தியிருக்கிறார் என்று முடிவுக்கு வருகிறோம்.’

அதாவது, ஒரு பெண் மிக்க மகிழ்ச்சியில் மேம்பாலத்தின் நடுவே காற்று வாங்க நிறுத்தியிருக்கிறாள்.

‘மிக்க மகிழ்ச்சி’ என்று அவள் சொல்லி அவன் கேட்டதே இல்லை. கல்யாண மேடையில் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டபோதுகூட, “பரவால்ல, கால்தான் வலிக்குது” என்றாள்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அவள் தங்கை. நோயாளிகளின் வீடு வீடாகப் போய்க் கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். அவளிடமும் அதே கார், அதே நிறம். அக்காவும் தங்கையும் ஒரே நாளில் வாங்கினார்கள். இரண்டாக வாங்கினால் சீட் கவர் இலவசம்.

“மாமா, மறுபடி அந்த மஞ்சள் லைட்டு எரிஞ்சுது. சர்வீஸ்ல விட்டேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியலையாம். ‘உங்க மனசுல ஏதாவது பாரம் இருக்கா மேடம்’னு கேக்கறான்.”

“நீ என்ன சொன்ன?”

“என் மனசுல பெட்ரோல் டேங்க் இல்லடான்னேன். புதுசு வாங்கற வரைக்கும் இதுலதான் போயாகணும். ஒரு நாளைக்கு ஒன்பது வீடு. அந்த மேம்பாலத்த மட்டும் சுத்திப் போறேன்.”

அவன் போனை நீட்டினான். அவள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி படித்தாள்.

“இது அக்கா பேச்சே இல்ல மாமா. எங்கிட்ட வாங்கின குடையத் திருப்பிக் குடுக்கும்போதுகூட ‘இந்தா பிடி’ன்னுதான் குடுப்பா. அவ எங்க நன்றி சொன்னா?”

“பதிவு இருக்கும்.”

“போய்க் கேளுங்க. நான் போனேன்னா மேசையக் கவுத்துடுவேன். அப்புறம் என்னை ஜாமீன்ல எடுக்க நீங்கதான் அலையணும்.”

அவன் அன்று விடுப்புச் சொன்னான். அவன் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. முள் எங்கே நிற்கிறதோ அதை எழுத வேண்டும். கடைக்காரர் எங்கே நிற்கவேண்டும் என்று ஆசைப்படுகிறாரோ அதை எழுதக் கூடாது. அவனுக்குக் கம்பெனியிடம் வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். அவள் கடைசியாக என்ன சொன்னாளோ, அது அப்படியே அவள் பேருக்கு நேரே இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் மகிழ்ச்சி மையம் கண்ணாடிக் கட்டடம். நுழைந்ததும் வட்ட மேடை ஒன்றில் புத்தம்புது ஹைப்ரிட் கார் நின்றது. மேடை சுற்றிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடத்தை அவன் வரும்போதே பார்த்திருந்தான். அங்கே எல்லாக் கம்பெனிக் காரும் இருந்தது, இந்தக் கம்பெனியுடையதைத் தவிர.

டோக்கன் முப்பத்திரண்டு. சுவரில் பெரிய எழுத்தில், ‘இங்கே பழுதுகள் இல்லை, அனுபவங்கள் மட்டுமே’ என்று எழுதியிருந்தது. அனுபவசாலிகள் பதினான்கு பேர் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

“தம்பி, நீங்க தராசு முத்திரைக்காரர்தானே?” என்றார் பக்கத்து நாற்காலி. வெங்காய மண்டி வைத்திருப்பவர். “போன வருஷம் என் தராசுல நாப்பது கிராம் குறையுதுன்னு ஒரு நாள் பூராக் கடைய மூட வச்சீங்களே!”

“அறுபது கிராம்.”

“ஆமாமா, அறுபது.” அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. “நம்ம வண்டி எங்க நின்னுது தெரியுமா? தண்டவாளத்து மேல. உள்ள நானும் எங்க சம்பந்தியும். கல்யாணத்துல பந்தி தகராறு, ரெண்டு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. ரயில் சத்தம் கேட்டதும் பாருங்க, ‘சம்பந்தி தள்ளுங்க, சம்பந்தி தள்ளுங்க’ன்னு மாத்தி மாத்திக் கத்தறோம். இந்த வண்டியால நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். இங்க வந்து சொன்னா, ‘இந்த மாதிரி சொல்ற முதல் ஆள் நீங்கதான் சார்’ங்கறாங்க.”

“எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க” என்று பின்னால் இருந்த பல் டாக்டர் அம்மா திரும்பினார். “நான்தான் முதல்னு.”

“அதெப்படி, நான்தானே முதல்?” என்றார் மூன்றாவது வரிசைக்காரர். அவர் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

விசாரித்ததில் பதினான்கு பேரும் முதல் ஆள். சத்தம் கூடியது. காவலர் வந்து கையைத் தட்டினார்.

“சத்தம் போடாதீங்க. முதல் புகார்க்காரங்க எல்லாரும் வரிசையில வாங்க.”

அவன் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் ‘மகிழ்ச்சி அலுவலர்’ என்று பட்டை குத்திய இளைஞர். தலை படிய வாரியிருந்தது.

“என் மனைவியோட கார் ஓடிட்டிருக்கும்போதே நின்னுடுச்சு.”

அலுவலர் கையை உயர்த்தினார். “அந்த வார்த்தை வேண்டாம் சார். டைப் அடிச்சா கம்ப்யூட்டர் பூட்டிக்கும். மேல இருந்து ஆள் வந்துதான் திறக்கணும். ‘வண்டி ஓய்வெடுத்தது’ன்னு போட்டுக்கலாமா?”

“மேம்பாலத்துல ஓய்வெடுத்தது.”

“அருமை. அதுக்கு முன்னாடி களைப்பா இருந்துச்சா?”

“எனக்குத் தெரியாது.”

“பரவால்ல சார். பெட்ரோல்ல ஓய்வா, பேட்டரியில ஓய்வா?”

“ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறும்போது. நடுவுல.”

அலுவலர் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். “நடுவுலங்கறதுக்கு எங்ககிட்ட பிரிவு இல்ல சார். இடது பக்கக் கட்டடம் பெட்ரோல். வலது பக்கம் பேட்டரி. யாராவது ஒருத்தர் ஏத்துக்கிட்டாப் போதும்.”

இடது கட்டடத்தில் பெட்ரோல் எஞ்சினியர் அவனை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். கிராஃப் தாளைப் பரப்பினார். “இதப் பாருங்க, எங்க எஞ்சின் தன் வேலைய முறைப்படி முடிச்சு ஒப்படைச்சிடுச்சு. வாங்கிக்கிட்டாங்களான்னு அவங்களத்தான் கேக்கணும்.”

வலது கட்டடத்தில் பேட்டரி எஞ்சினியரும் நல்ல மனிதர். அவரும் உட்காரச் சொன்னார். “எங்க மோட்டார் கைய நீட்டிக்கிட்டுத் தயாரா நின்னுட்டிருக்கு சார், இதோ கிராஃப். குடுத்தாத்தானே வாங்க முடியும்?”

அவன் திரும்பிப் போய் அதைச் சொன்னதும், “அவங்க எழுத்துல கேட்டாங்களா?” என்றார் பெட்ரோல்.

“எழுத்துல கேக்க அது என்ன லோன் விண்ணப்பமா?” என்றார் பேட்டரி. “ஆனா ஒண்ணு. ரெண்டு பேர்கிட்டயும் தப்பு இல்ல. அத நீங்க சந்தோஷமா எடுத்துக்கணும்.”

இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஆகாயத்தில் ஒரு கண்ணாடி நடைபாதை. அவன் ஆறு தடவை நடந்தான். நடுவில் ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன. ‘ஒப்படைப்பு அலுவலர்’ என்ற பலகை இருந்தது. நாற்காலியின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. இரண்டு பிரிவும் சேர்ந்து ஆளை நியமிக்க வேண்டுமாம். நான்கு வருடமாகக் கோப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியவில்லை. அங்கே விளக்கும் எரியவில்லை. ஸ்விட்ச் யாருடையது என்பதில் தகராறு.

திரும்பி மகிழ்ச்சி அலுவலரிடம் வந்தான்.

“காரணம் வேண்டாம். அவ பேசின பதிவ மட்டும் கேக்கணும்.”

“அதுக்கு வாடிக்கையாளரே நேர்ல வரணும் சார்.”

“அவ இறந்துட்டா.”

“ரொம்ப வருத்தமா இருக்கு சார்” என்றார் அலுவலர். முகத்தில் வருத்தம் வந்தது, போயிற்று. “அவங்களுக்கு எப்ப வர வசதிப்படும்?”

அவன் இறப்புச் சான்றிதழை மேசையில் வைத்தான். அலுவலர் அதை மரியாதையோடு இரண்டு கையாலும் எடுத்தார். திரையில் தேடினார்.

“வாடிக்கையாளர் வராததுக்கான காரணப் பட்டியல்ல இறப்புன்னு இல்ல சார். நம்ம வண்டியில அதுக்கு வாய்ப்பே கிடையாதுங்கறதால சேக்கல. மனம் மாறினார், வண்டி மாறினார், ஊர் மாறினார். இதுல எது கிட்ட வருது?”

அவன் யோசித்தான். “ஊர்.”

சட்டைப்பையில் போன் சிணுங்கியது. ‘புதிய ஊரில் குடியேறியதற்கு வாழ்த்துகள்! உங்களுக்கு மிக அருகில் உள்ள எங்கள் சேவை மையத்தை விரைவில் தெரிவிப்போம்.’

வெங்காய மண்டிக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். “அங்கயும் கிளை வச்சிருப்பாங்க தம்பி. சொல்ல முடியாது.”

“இன்னொண்ணு” என்றான் அவன் அலுவலரிடம். “அஞ்சு மார்க் அவ குடுக்கல. குடுத்திருக்க முடியாது.”

“அது விதிப்படி சார். அழைப்பு துண்டிச்சுப் போச்சுன்னா முப்பது செகண்ட் காத்திருப்போம். அதுக்குள்ள அவங்க குறைன்னு ஒண்ணும் சொல்லலைன்னா அஞ்சு. முக்காவாசிப் பேர் சொல்றதில்ல. அதனாலதான் நம்ம சராசரி இவ்வளவு உசரத்துல இருக்கு.”

“கடைசி வாக்கியம்?”

“அஞ்சு விழுந்தா அஞ்சுக்குப் பொருத்தமான வாக்கியம் தானா வந்துடும். நாலுக்கு ஒண்ணு இருக்கு. மூணுக்குக் கீழ எழுதி வைக்கல, தேவைப்படல.”

“அப்ப அவ உண்மையில சொன்னது?”

“அது பதிவுல பத்திரமா இருக்கும் சார். ஆனா மார்க் வந்த பிறகு பதிவ யாரும் கேக்கறதில்ல. பாக்கறதுக்கு மார்க் இருக்கே.” அலுவலர் எழுந்து நின்று கை கூப்பினார். “இன்னைக்கு எங்க சேவைக்கு எத்தன மார்க் குடுப்பீங்க?”

அவன் பதில் சொல்லவில்லை. முப்பது விநாடி கழித்து ஐந்து விழுந்தது.

பதினோரு நாள் போயின. ஐந்து மனு எழுதினான். ஐந்தும் மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்பட்டன. பன்னிரண்டாம் நாள் காலை வேறு மாதிரி ஒரு செய்தி வந்தது. அதில் பட்டாசுப் படம் இருந்தது.

‘வாழ்த்துகள்! உங்கள் அழைப்பு இந்த ஆண்டின் பொன் அழைப்பாகத் தேர்வாகியிருக்கிறது. தேர்வுக்கான காரணங்கள்: குறைந்த நேரம். முழு மதிப்பெண். அதன்பின் வாடிக்கையாளர் ஒரு முறைகூட மறுபடி புகார் செய்யவில்லை. விழாவில் நீங்கள் கௌரவிக்கப்படுவீர்கள்.’

கொழுந்தியாள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

“அக்கா மறுபடி கூப்பிடலையாம் மாமா. அதுக்குப் பரிசாம்.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நானும் வரேன். மேசையக் கவுக்க மாட்டேன். சத்தியமா.”

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மேடம் விழாவுக்கு வருவார்களா என்று கேட்டாள். மேடம் ஊரில் இல்லை என்று அவன் சொன்னான்.

“அப்ப அவங்க சார்பா நீங்க வரலாமே சார்.”

“பதிவு கேக்க வந்தப்ப நான் வரக்கூடாதுன்னு சொன்னாங்க.”

“அது வேற சார். பூங்கொத்து வாங்கப் பிரதிநிதி வரலாம்.”

விழா காலை பதினோரு மணிக்கு. ஏசி அரங்கம், நானூறு நாற்காலி, பத்திரிகைக்காரர்களுக்குத் தனி வரிசை. வெங்காய மண்டிக்காரர் சலவைச் சட்டையில் இருந்தார். முதல் புகார்க்காரர்கள் பதினான்கு பேரும் வந்திருந்தார்கள்.

“எனக்கும் அழைப்பு தம்பி. மகிழ்ச்சி வாடிக்கையாளராம். நான் திட்டின திட்டுக்கு நாலு மார்க் போட்டிருக்காங்க. ‘உணர்வுபூர்வமாக உரையாடினார்’னு.”

பின்பக்கம் காபி மெஷின் அருகே கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பேப்பர் கப், குடிக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“நீங்க அவங்க வீட்டுக்காரரா?”

“ஆமா.”

“அந்தப் போன் கால எடுத்தது நான்தாங்க. நாப்பத்தேழு.” அது அவருடைய இருக்கை எண். பெயரைச் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. “பரிசு வேண்டாம்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேன். பணிவுன்னு போட்டு அதுக்கும் ஒரு மார்க் சேத்துட்டாங்க.”

அவன் காத்திருந்தான்.

“மேடையில அந்தப் போன் பதிவ முழுசாப் போடணும்னு விதி இருக்கு. தேர்வு பண்ணவங்க யாரும் கேட்டதில்ல. மார்க்கத்தான் பாத்தாங்க. நானும் வாயத் திறக்கல. திறந்தா வேற ஒண்ண எடுத்துக்குவாங்க.” கப்பை இன்னொரு கைக்கு மாற்றினார். “ஆனா உங்ககிட்ட சொல்லாமப் போடறது தப்புன்னு தோணுச்சு. உங்களால கேக்க முடியுமா?”

“அவ சொன்னது பதிவாகணும்.”

“அது பதிவாகும். கேக்க முடியுமான்னு கேட்டேன்.”

“தெரியலைங்க” என்றான் அவன். “போடுங்க.”

“எனக்கு எதிர்ல ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதுல இருக்கறத வரிசை மாறாமக் கேக்கணும். வரிசை மாறினா அன்னைக்கே சீட்டக் காலி பண்ணணும். நான் மாத்தல.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அவங்க கோவப்படவே இல்லைங்க. ஒரு தடவ திட்டியிருந்தாங்கன்னா நான் தாள விட்டு நிமிர்ந்திருப்பேன்.”

மைக்கில் எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள்.

நிர்வாக இயக்குநர் பேச எழுந்தார். கம்பீரமான மனிதர். தாள் இல்லாமல் பேசினார்.

“நண்பர்களே! ஒரு காலத்துல நம்ம கம்பெனிக்கும் புகார் வந்துட்டுதான் இருந்துச்சு. மறைக்க விரும்பல. வண்டியச் சரி பண்றதா, புகாரச் சரி பண்றதான்னு இயக்குநர் குழு மூணு நாள் உக்காந்து யோசிச்சோம். வண்டிங்க லட்சக்கணக்குல இருக்கு, ஊரெல்லாம் சிதறிக் கிடக்கு. புகார் எல்லாம் ஒரே கட்டடத்துல இருக்கு. எது சுலபம்? நீங்களே சொல்லுங்க.”

கை தட்டினார்கள்.

“சில பேர் கேக்கறாங்க, வண்டி ரோட்டுல ஓய்வெடுக்குதேன்னு. போன வருஷம் நம்ம வண்டிங்க ஓய்வெடுத்த நேரத்த எல்லாம் கூட்டிப் பாத்தேன். பதினோரு வருஷம் வருது. பதினோரு வருஷம்! ஒரு பொட்டுப் புகை கிடையாது. இந்தப் பூமிக்கு இதவிட யாரு சேவை செஞ்சிருக்காங்க?”

மறுபடி கை தட்டினார்கள். வெங்காய மண்டிக்காரரும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டு, தன் கைகளையே முறைத்துப் பார்த்தார்.

“இன்னைக்கு நாம கௌரவிக்கற வாடிக்கையாளர நான் பாத்ததில்ல. ஆனா அவங்கள நினைச்சு நான் பெருமைப்படறேன். அவங்களுக்கு ஒரு பிரச்சினை வந்துச்சு. ஒரே ஒரு தடவ கூப்பிட்டாங்க. மூணு நிமிஷம் நாப்பது செகண்ட். அதுக்கப்புறம் ஒரு சத்தம் இல்ல. வழக்கு இல்ல, வம்பு இல்ல. இந்தப் பண்பத்தான் நான் ஒவ்வொரு வாடிக்கையாளர்கிட்டயும் எதிர்பாக்கறேன். அவங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்!”

பக்கத்து நாற்காலியில் கொழுந்தியாளின் கை அவன் முழங்கையைப் பிடித்தது. அது கை கால்களை இழுத்து நீட்டிப் பழகிய கை. வலித்தது. அவன் விலக்கவில்லை.

அவன் பெயரை அழைத்தார்கள். ஏறினான். பூங்கொத்தை வாங்கினான். இயக்குநர் அவன் கையைக் குலுக்கி, போட்டோவுக்குச் சிரித்து, “மேடம்கிட்ட சொல்லுங்க” என்றார். அவன் இறங்கவில்லை, மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டான்.

நாற்பத்தேழு தானே போய்க் கம்ப்யூட்டரில் விரலை வைத்தார். ஒலிபெருக்கிகளில் முதலில் சங்கீதம் வந்தது. பிறகு தாளைப் பார்த்துப் படிக்கும் அவருடைய குரல்.

“வணக்கம், நாப்பத்தேழு பேசறேன். இன்னைக்கு உங்க பயணம் எவ்வளவு இனிமையா இருக்கு?”

“வண்டி போகலைங்க. மேம்பாலத்து ஏத்தத்துல நிக்கறேன். ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஒண்ணும் வரல.”

அவளுக்கு அன்று ஜலதோஷம். மூக்கடைத்த குரல். அதை அவன் மறந்துபோயிருந்தான். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு போ என்று சொன்னதும், அவள் கேட்காததும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

“புரியுது மேடம். இந்த மாதிரி சொல்ற முதல் வாடிக்கையாளர் நீங்கதான்.”

அரங்கத்தின் ஒரு பக்கத்தில், பதினான்கு நாற்காலிகள் ஒன்றாகக் கிறீச்சிட்டன.

“அப்படியா” என்றாள் அவள். “சரி. யாரையாவது அனுப்பறீங்களா?”

“கண்டிப்பா மேடம். அதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பர் சொல்ல முடியுமா? டிரைவர் கதவோட உள்பக்கம் எழுதியிருக்கும்.”

“கதவத் திறக்கணுமே. பக்கத்துல வண்டிங்க வேகமாப் போகுது.”

“பதினேழு இலக்கம் மேடம்.”

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. காற்று இரைந்தது. அவள் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. பதினொன்றாவதில் நிறுத்தி, “இருங்க, தப்பாச் சொல்லிட்டேன், அது ஏழு இல்ல, ஒண்ணு” என்று திருத்தினாள். பத்திரிகைக்காரர்களின் வரிசையில் ஒருவர் பேனாவை எடுத்தார். இயக்குநர் சிரித்த முகத்தை மாற்றாமல், தொகுப்பாளரின் பக்கம் சாய்ந்து, “அத நிறுத்தச் சொல்லுங்க” என்றார். மைக் அணைக்கப்படவில்லை, எல்லோருக்கும் கேட்டது.

“பாதியில நிறுத்தக்கூடாதுன்னு விதி சார்” என்றார் தொகுப்பாளர். “நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

பதினேழும் முடிந்தது.

“நன்றி மேடம். இப்ப பெட்ரோலா பேட்டரியான்னு மட்டும் சொன்னீங்கன்னா சரியான கட்டடத்துக்கு அனுப்பிடுவேன்.”

“தெரியலைங்க. மஞ்சளா ஒரு லைட்டு எரியுது, அவ்வளவுதான். இங்க நிக்கறது எனக்குச் சரியாப் படல. பின்னாடி வளைவு இருக்கு, வர்றவங்களுக்கு நான் தெரிய மாட்டேன்.”

“கவலைப்படாதீங்க மேடம், இன்னும் ரெண்டே கேள்விதான். லைன் துண்டிச்சா முதல்லேர்ந்து பதியணும்.”

காற்றின் சத்தம். அதற்கு அடியில், தூரத்தில், கனமான எதுவோ கியர் மாற்றி ஏற்றம் ஏறும் சத்தம். மேடையில் நாற்பத்தேழு இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் பூங்கொத்தைத் தரையில் வைத்துவிட்டு ஒலிபெருக்கிக்கு ஒரு அடி கிட்டே போனான்.

“பெரிய வண்டி ஏதோ வருதுங்க” என்றாள் அவள். குரலில் அவசரம் இல்லை. கவுன்ட்டரில் நிற்பவரிடம் கேட்பதுபோல் கேட்டாள்: “நான் இறங்கி ஓரமாப் போயிடட்டுமா, இல்ல லைன்லயே இருக்கணுமா?”